மறக்கத் தெரியாத பெட்டி

வண்டியின் முன் கண்ணாடி உச்சியில் ஒரு பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதில் ஒரு கண் ரோட்டைப் பார்க்கிறது, இன்னொரு கண் என்னைப் பார்க்கிறது. கொட்டாவி விட்டால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கண்டிக்கும். போனைக் காதில் வைத்தால் கத்தும். மாட்டின அன்றைக்கு எதற்கு என்று கேட்டோம். எங்கள் பாதுகாப்புக்காம். எங்கள் பாதுகாப்பு என்றால் முதலில் எங்களைக் கேட்டிருப்பார்கள்.

நான் பெங்களூர் மர்பி டவுன்காரன். பிறந்ததும் அங்கேதான். ஏழாவதோடு படிப்பு நின்றது. ஒரு டிராவல்ஸில் வண்டி ஓட்டுகிறேன். காலையில் ஈஜிபுராவில் கம்பெனி ஆட்களை ஏற்றி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறக்குவேன். சாயந்திரம் திருப்பிக் கொண்டு வருவேன். எந்த ட்ரிப் எனக்கு என்று போனில் ஒரு ஆப் சொல்லும். அதற்குள் போக எனக்கு ஒரு லாகின் உண்டு. அந்த லாகினை மூடிவிட்டால் எனக்கு வேலை இல்லை. யாரும் வந்து போய்விடு என்று சொல்ல மாட்டார்கள். ஆப்பைத் திறந்தால் உள்ளே விடாது. அவ்வளவுதான்.

இந்த வேலையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருவது ஒன்று உண்டு. பின் சீட்டில் பேசுவது எல்லாம் எங்கள் காதில் விழும். சண்டை, கல்யாணம், ஆஸ்பத்திரி, ஆபீஸில் யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை, எல்லாம். கேட்டதை மறந்துவிட வேண்டும். ஆள் இறங்கினால் பேச்சும் இறங்கிவிட வேண்டும். வீட்டில்கூட வாய் திறக்கக்கூடாது. என் வீட்டுக்காரி ஆரம்பத்தில் கேட்டுப் பார்ப்பாள்.

"இன்னாய்யா, இன்னிக்கி உன் வண்டில இன்னா கத?"

"டிராபிக்."

இப்போது கேட்பதில்லை.

இன்னொன்று என் கை. கோயிலைக் கண்டால் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கை எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு வரும். நான் அனுப்புவதில்லை, அதுவே போகிறது. எங்கள் ஏரியாவில் வளர்ந்தவனுக்குக் கோயில் மட்டும் இல்லை. சர்ச் வந்தாலும் போகும், தர்கா வந்தாலும் போகும். ஈஜிபுராவில் நான் திரும்பும் முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கே சிக்னல் வேறு. நிற்காமல் போக முடியாது.

ஒரு நாள் மத்தியானம் டிராவல்ஸ் ஆபீஸில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கன்னடக்காரர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார், யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"ஏன் குரு, டெய்லி போன் பேசிக்கினே ஓட்டுற?"

படத்தில் நான். என் கை கன்னத்தில். கையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அதன் மேல் போன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"போன் இல்ல சார். கன்னம்."

"கன்னமா?"

"அம்மன் கோயிலு. கன்னத்துல போட்டுக்கறேன்."

குனிந்து பார்த்தார். அடுத்த படத்தைப் போட்டார்.

"இது?"

"சர்ச்சு."

"இது?"

"தர்கா."

"ஒரு சாமியும் வுடமாட்டியா நீ?"

"வழியில இருக்காங்க சார்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்குப் புரியுது குரு. மிஷினுக்குப் புரியல. அது போன்னு சொன்னா போன்தான்."

"நீங்க பாத்துட்டீங்களே. நீங்க சொல்லக்கூடாதா?"

"நான் கம்ப்ளெயின்ட்னு ஒரு டிக்கெட் போடலாம். மேல யாராச்சும் பாக்கணும். மேல யாரு இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா லாகின் தானா மூடிக்கும். கைய மடில வெச்சுக்கோ. மனசுல கும்பிடு."

சரி என்றேன். அதோடு எழுந்து வந்திருப்பேன். அவர் கை எதையோ அழுத்திவிட்டது, படத்தில் சத்தம் வந்தது. ஹாரன் சத்தம், அதற்கு நடுவில் ஒரு பெண் குரல். ஈஜிபுராவில் முதலில் ஏறும் பெண்ணின் குரல்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத. அங்க வேலை கிடைச்சிருச்சு. காய்ச்சல்னு சொல்லிட்டுத்தான் இன்டர்வியூவுக்கே போனேன். இங்க தெரிஞ்சா என்னைய..."

அவர் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார்.

"பேசறதும் கேக்குமா சார்?"

"எல்லாம் கேக்கும்."

"எங்க போவுது இது?"

"செவப்புக் கட்டம் போட்டது எல்லாம் வாரா வாரம் அவங்க கம்பெனிக்குப் போவும். டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு."

"அவங்க வேலை செய்யற கம்பெனிக்கேவா?"

"அவங்கதானே நம்ம கஸ்டமர்." கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏறுறவங்ககிட்ட பொட்டி பத்திப் பேசாத. ரூல் இருக்கு."

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். என் கை கன்னத்துக்குப் போன நேரத்தில் அவள் பேசினாள். அதனால் என் படத்தோடு அவள் பேச்சும் போகப்போகிறது. நான் கேட்டு மறந்ததைப் பெட்டி மறக்காமல் வைத்திருக்கிறது. இந்தப் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் விற்பதே அதைத்தான். மறக்காமல் வைத்திருப்பதை.

என் சம்மதம் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வாங்கினார்கள். போனில் ஒரு பக்கம் வந்தது, முழுக்க இங்கிலீஷ், விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பொத்தான், ஒத்துக்கொள்கிறேன் என்று. வேறு பொத்தான் இல்லை. அமுக்கினால் ட்ரிப் வரும். அமுக்கினேன்.

கவர்மெண்ட் மட்டும் என்ன. வாடகை வண்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் கட்டாயம் வைக்கச் சொன்னது. பெண்களுக்கு ஆபத்து என்றால் அமுக்குவதற்கு. நல்ல விஷயம்தான். அமுக்கினால் அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று மாட்டிவிட்ட கடைக்காரரைக் கேட்டேன். "மாட்டறதோட என் வேலை முடிஞ்சுது" என்றார். பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

அடுத்த நாள் காலை அந்தப் பெண் ஏறினாள். திருச்சிப் பக்கம். தோழியோடு ஈஜிபுராவில் வீடு எடுத்திருக்கிறாள். "குட் மார்னிங்ணா" என்று சொல்லாமல் ஏறமாட்டாள். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஏறியதும் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

வண்டிக்குள் சொன்னால் அதுவும் பெட்டிக்குப் போகும். ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

"அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க. கேக்கல."

குறைத்தேன்.

"மேடம், இங்க டவர் இருக்காது."

"இருக்குண்ணா. ஃபுல்லா இருக்கு."

மடிவாளாவில் இரண்டு பேர் ஏறினார்கள். அவர்கள் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள். இவள் மேம்பாலம் முழுக்கப் பேசினாள். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கம்பெனி கேட்டில் எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்குவது வழக்கம் இல்லை. இறங்கினேன். அவள் பின்னால் போய் "மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். திரும்பியவள் பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் பின்னால் வந்தால் யாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். கேட்டில் செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கற பொட்டி நீங்க பேசறதயும் எடுக்குது. உங்க கம்பெனிக்கு அனுப்பறாங்க."

"அது கேமராதானேண்ணா? ரோடு பாக்கறதுக்கு."

"காதும் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கைய காட்டறதுக்குப் படம் போட்டாங்க. பின்னாடி உங்க குரலு."

"நான் பேசறத நீங்க கேட்டீங்களா?"

"நான் தினமும் கேக்கறேன் மேடம். காது முன்னாடிதான் இருக்குது. நான் வெச்சுக்கறதில்ல. அது வெச்சுக்குது."

முகம் மாறிவிட்டது. "எதப் பத்திப் பேசினேன்?"

"ஞாபகம் இல்ல." அப்படியே விட முடியவில்லை. "அக்காகிட்ட பேசினது."

கேட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் பாக்கற வேலையே இந்த மாதிரிதாண்ணா. கடையில யாரு எங்க நிக்கறாங்கன்னு கேமரா பாத்துச் சொல்லும். அது வேற நாட்டுக் கடைங்களுக்கு" என்றாள். அது எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

"இதுக்கு இப்ப சட்டம் இருக்குண்ணா. சம்மதம் இல்லாம எடுக்கக்கூடாது."

"உங்ககிட்டயும் ஒரு பொத்தான் வந்திருக்கும். அமுக்கியிருப்பீங்க."

யோசித்தாள். அமுக்கியிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"உங்க பேர சொல்லமாட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது வண்டி காலி. சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாக இருந்தது. வழியில் சர்ச் வந்தது, கையை அசைக்கவில்லை. தர்கா வந்தது, அசைக்கவில்லை. அம்மன் கோயில் சிக்னலில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பச்சை விழுந்தது, கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துத் தாண்டினேன். தப்பித்தோம் தாயே என்று நினைத்தேன். நினைத்ததும் இடது கை எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெட்டி கத்தியது.

சாயந்திரம் ஆப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை.

வீட்டுக்காரி ஸ்கூலில் ஆயா. வேலை முடித்து வந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதிலேயே அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. சொன்னேன்.

"எல்லாரும் சாமி கும்புட்டு வேலை வாங்குவாங்க. நீ கும்புட்டு வேலைய வுட்டுட்டு வந்துகிற."

"ஆமா."

"வேற டிராவல்ஸ் பாரேன்."

"எல்லாத்துலயும் பொட்டி. ஒரு எடத்துல மூடினா இன்னொரு எடத்துல தெரியும்னு சொல்றாங்க."

"அப்ப அந்தக் கைய இன்னா பண்றது? வெட்டவா முடியும்?" என்று சொல்லிவிட்டுக் கத்தியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். பீன்ஸை அவளே நறுக்கினாள். விளக்கு ஏற்றும்போது அம்மன் படத்தைக் கொஞ்சம் முறைத்தாள்.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். இந்த வயதில் இன்னொரு வேலை என்றால் செக்யூரிட்டிதான். அதிலும் மூஞ்சியைக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கே போனாலும் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஆப்பைத் திறந்து பார்ப்பேன். விடாது. மூடி வைப்பேன்.

ஒரு நாள் காலை டிபன் நேரத்தில் சூப்பர்வைசர் போன் பண்ணினார்.

"குரு, அந்தக் கம்பெனி அம்மாகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"எந்த அம்மா?"

"சரி, வுடு. யாரோ மெயில் போட்டிருக்காங்க. வண்டியில பொண்ணுங்க பேசறத எதுக்கு எடுக்கறீங்க, யாரு கேக்கறாங்க, எங்க வெச்சிருக்கீங்கன்னு. ரொம்பப் பேரு கீழ கையெழுத்து மாதிரி பேரு போட்டு அனுப்பியிருக்காங்க. அவங்க கம்பெனி பயந்துடுச்சு. எங்க மேல பாய்ஞ்சுடுச்சு. சத்தம் எடுக்கறத எல்லா வண்டியிலயும் நிறுத்தியாச்சு. இந்த வாரக் கிளிப் போவவே இல்ல. பழசு எல்லாம் அழிக்கச் சொல்லியாச்சு."

"அழிச்சாச்சா?"

"அழிச்சோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் அவள் பேச்சு போகவில்லை. அது போதும்.

"என் லாகினு?"

"அழிக்கறதுக்கு முன்னாடி ஆள் வெச்சுப் பாக்கச் சொன்னாங்க. யாரோ ஒக்காந்து உன்னுத மொத்தமும் பாத்திருக்கான். கோயில், சர்ச், தர்கா, திரும்பக் கோயில். லாகின் தெறந்தாச்சு. இனிமே ஆள் பாத்துட்டுத்தான் மூடுவாங்க. நாளைக்கு வந்துடு."

போனை வைத்தேன். வீட்டுக்காரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மன் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் இன்னும் ரெண்டு இட்லி போட்டுக்கொண்டேன். அத்தனை நாளும் சோறு இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் போன் பேசவில்லை என்று நானே சொன்னேன், அது எடுபடவில்லை. அவர்கள் மெயில் போட்டார்கள், எடுபட்டது. இதில் எனக்குக் கோபம் இல்லை. கம்பெனி யாருக்குப் பயப்படுமோ அவர்கள் கேட்டால்தான் நிறுத்தும். சட்டம் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஒத்துக்கொள்கிறேன் பக்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு பொத்தான் வைக்கச் சொல்ல வேண்டும். அதை அமுக்கினவனுக்கும் மறுநாள் வேலை இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

மறுநாள் அவள் ஏறினாள்.

"குட் மார்னிங்ணா. வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் மேடம்."

முனையில் சிக்னல் விழுந்தது. அம்மன் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கையைத் தடுக்கவில்லை. பெட்டியின் கண்ணை யாரும் எடுக்கவில்லை, அது வழக்கம்போல இங்கிலீஷில் கத்தியது. பின்னால் அவள் சிரித்தாள். இன்னொரு கன்னத்திலும் போட்டுக்கொண்டுதான் கியரைப் போட்டேன்.

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். கடைசி நாள் ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்தாள். வீட்டுக்காரிக்குப் பிடித்திருந்தது. எங்கே சேர்ந்தாள் என்று அக்காவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து டிராவல்ஸ் ஆபீஸில் சூப்பர்வைசர் கேட்டார். "அந்தத் திருச்சிப் பொண்ணு எங்க போச்சு குரு? உன் வண்டிதானே?"

"தெரியாது சார்" என்றேன்.