பாண் போறணையும் பகல் நித்திரையும்

ஊர் உறங்கும்போது வேலை செய்து, ஊர் விழித்திருக்கும்போது உறங்கப் பார்ப்பதுதான் பேக்கரித் தொழில். தொண்ணூறுகளில் கல்முனையில் ஒரு பேக்கரியில், பாண் சுடுகிற போறணை அடுப்புக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கந்தோர்க் காவலாளிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் இரவு நிற்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். நாமெல்லாம் ஒரே கட்சி.

கல்யாணம் முடித்த புதிதில் பகல் நித்திரை கெட்டது. போறணை வாயிலேயே கண்ணயர்ந்து இரண்டு தடவை பாணைக் கருக்கிவிட்டேன். "இன்னொருக்காக் கருகினா நீ மா பிசையப் போ, போறணைய வேற ஆளுக்குக் குடுப்பன்" என்றார் முதலாளி. அந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு ஒழுங்கு வைத்தேன். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வீடு, கிணற்றடியில் குளிப்பு, இரண்டு இடியப்பம், சன்னலில் ஒரு சாரனைக் கட்டி இருட்டாக்கிவிட்டுப் பாய். மத்தியானம் ளுஹர் பாங்குக்குத்தான் எழும்புவது. ஒழுங்கு வைப்பது லேசு. ஊர் விட வேண்டுமே!

வருத்தம் விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். புது மருமகன் வெயில் ஏறிய பிறகும் பாயில் கிடந்தால் மாமிக்கு எப்படி இருக்கும்? "மருமகன் எங்க?" என்று கேட்டவர்களிடம் வெட்கத்தில், உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம். நன்மை தேடுவதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. தோடம்பழமும் குளுக்கோஸ் பெட்டியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்து வளவு மீராலெவ்வை மாமா, எனக்கு அப்போதுதான் நித்திரை பிடித்த நேரம் பார்த்து, நெற்றியில் கைவைத்துச் சத்தமாக ஓதி ஊதினார். பதறி எழும்பி உட்கார்ந்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம், கண்ணெல்லாம் செவந்து போயிரிக்கி. நல்லா நித்திர கொள்ளுங்க மகன், எல்லாம் சரியாயிரும்."

மீன்காரர் வராத நாள்

அடுத்த எதிரி மீன்காரர் வேலாயுதம். நான் பாயில் சாயவும் அவருடைய சைக்கிள் ஹோன் எங்கள் வாசல் படலையடியில் அலறவும் சரியாக இருக்கும். ஹோன் அடிக்காமல் எப்படி மீன் விற்பது என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான்தான் இறங்கி வந்தேன். அவர் வந்து போன பிறகே படுப்பது என்று ஒழுங்கை மாற்றினேன். கொஞ்ச நாளில் ஹோன் கேட்டாலே கொட்டாவி வரும் அளவுக்குப் பழகிப்போனது.

ஒருநாள் கடல் கொந்தளிப்பு, தோணி இறங்கவில்லை. குளித்தாயிற்று, தின்றாயிற்று, சாரனும் கட்டியாயிற்று. ஹோன் சத்தத்தைக் காணோம். நித்திரையையும் காணோம். எழும்பிப் போய்ப் படலையில் நின்று ரோட்டைப் பார்த்தேன். அன்றிரவு பாண் கருகாமல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. மறுநாள் அவரை மறித்து, நேற்று ஏன் வரவில்லை என்று சண்டைக்குப் போனேன். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவர், சிரித்துவிட்டார்: "மீன் வாங்காம என்ன மட்டும் தேடுற ஆள் நீங்க ஒராள்தான் காக்கா."

லீவு நாள்

வியாழன் இரவு பேக்கரி மூடல். அன்று நானும் மற்ற மனிதரைப் போல இரவில் படுப்பேன். வெள்ளி பகல் முழுக்க ஜும்ஆ, கடற்கரை, மச்சான்மாரோடு கரம் விளையாட்டு என்று திரிவேன். அதற்கான கூலி வெள்ளி இரவு வேலையில் கிடைக்கும். ஒருமுறை நின்ற நிலையிலேயே மாக் குவியலுக்குள் முகம் போகப் பார்த்தது. சவளக்கடை ஊரிலிருந்து வந்து எங்களோடு மா பிசைகிற தங்கராசா அண்ணன் தோளைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்னையும் சேர்த்துப் பிசைந்திருப்பார்கள். லீவு நாளிலாவது ஆசைப்படி இருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தேன். அண்ணன் கையை நிறுத்தாமல் சொன்னார்: "லீவு உனக்குத்தான் தம்பி. இண்டைக்கு வெள்ளிக்கிழம எண்டு கண்ணுக்கு என்ன தெரியும்?"

நோன்பு மாதம்

அதன் பிறகு லீவு நாளிலும் நேரத்தை மாற்றவில்லை. நோன்பு வந்ததும் முழு ஊரும் என் கட்சியில் சேர்ந்தது. இரவில் தராவீஹ் தொழுகை, ஸஹர் சாப்பாடு, பகலில் கொட்டாவி. பகலில் எப்படி உறங்குவது என்று கேட்டு என்னிடம் ஆள் வந்தது! குளிப்பு, இருட்டு, ஒரே நேரம், இவ்வளவுதான் என்றேன். புடவைக்கடை வைத்திருந்த என் சகலன் மட்டும் அப்படியே செய்தார். ஒரு கிழமையில் முகம் தெளிந்து வந்து கேட்டார்: "பெருநாளைக்குப் பொறகும் இப்பிடி உறங்க ஏலுமெண்டா, கடையப் பூட்டிப்போட்டு நானும் பாண் சுட வாறன் மச்சான், சேர்ப்பியளா?"

படலையில் நின்ற முதலாளி

பாண் கருகாமல் பல மாதம் போய்விட்டது. ஆனாலும் போறணையை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்றதை முதலாளி வாபஸ் வாங்கவில்லை. அந்தப் பயம் நெஞ்சில் கிடந்தது. ஒரு காலை நேரம், கல்யாண வீட்டு ஓடர் ஒன்றைப் பற்றிக் கதைக்க அவரே மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் நல்ல நித்திரை. நடந்ததை மனைவி சொல்லித்தான் தெரியும்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படலையை மறித்து நின்றாராம். ஒரு சொல்லுக் கதைக்கத்தான், எழுப்புங்கள் என்றாராம் முதலாளி. "ளுஹருக்குப் பொறகு வாங்க. இப்ப எழுப்பினா ராவைக்குப் பாணக் கருக்குவாரு, பொறகு நீங்கதானே ஏசுவீங்க?" என்றாராம் மாமி. முதலாளி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம்.

ளுஹருக்கு எழும்பி இதைக் கேட்டதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். முதலாளியைப் படலையோடு திருப்பி அனுப்பிய பிறகு போறணை எங்கே மிஞ்சப்போகிறது? மாமி ஒன்றும் நடக்காதது போல வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்கப் பயத்தையும் மீறி எனக்குச் சந்தோசம் வந்தது. அன்றுதான் நான் அந்த வீட்டுக்கு உண்மையாகவே மருமகனானேன். பின்னேரம் பேக்கரிக்குள் நுழைந்ததும் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "போறணை உனக்குத்தான், இனி அந்தக் கதை இல்ல. உன்ட மாமிட்ட மட்டும் சொல்லி வை, நான் இனி ளுஹருக்குப் பொறகுதான் வருவனெண்டு."

நல்ல நித்திரைக்குக் குளிப்பும் இருட்டும் ஒரே நேரமும் போதும் என்பார்கள், படலையை மறிக்க ஒரு மாமி கிடைக்காதவர்கள்.