வீட்டு வாசலில் கியர் பாக்ஸ்

சரக்கு வண்டிக்காரனுக்கு ரோட்டில் வரும் தொல்லை பாதிதான். மீதியை அவனே வீட்டில் உட்கார்ந்து தேடிக்கொள்கிறான். ஒருமுறையாவது ஸ்பேனரை எடுத்து வருந்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முடிவெடுத்த நாள்

ஆம்பூர் டேனரியில் தோலைச் சோதித்துத் தேர்வு செய்யும் வேலையை விட்டுவிட்டு, பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்று வாங்கினேன். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு யூனிட்டுக்கு ஈரத்தோல் ஏற்றிப் போவேன். ஈரத்தோல் கனம். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. இரண்டு லோடு தாமதமானதும் யூனிட் மேனேஜர் காதர் பாய், திங்கட்கிழமையும் தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்வேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். எனக்கிருந்த நிரந்தர லோடு அது ஒன்றுதான்.

பெங்களூரிலிருந்து அதிக பாரம் இழுக்கும் டார்க் கன்வெர்ட்டரும் புது கிளட்ச் பிளேட்டுகளும் வரவழைத்தேன். வீட்டிலேயே மாட்டப்போகிறேன் என்று லோடுமேன் முருகனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“கிளட்ச் மிதிக்க சோம்பேறித்தனப்பட்டு இந்த வண்டிய வாங்கின. நீ இன்னாத்த கியர் பாக்ஸ் பிரிக்கப் போற?”

சனிக்கிழமை

கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் போல உட்கார்ந்திருக்கும் உருண்டை. கியர் பாக்ஸின் எண்ணெயை ஒழுங்காக வடித்தேன். உருண்டைக்குள்ளும் எண்ணெய் நிற்கும் என்பதை, அதைச் சாய்த்துத் தலைக்கு மேல் தூக்கியபோது தெரிந்துகொண்டேன். சத்தம் கேட்டு மனைவி மேரி வெளியே வந்தாள்.

“வாராவாரம் எண்ணெய் தேச்சுக் குளிங்கன்னா கேக்கறதில்ல. இன்னிக்கு தலையோட முழுகிட்டீங்க.”

விரற்கடை இடைவெளி

புது உருண்டை முழுதாக உள்ளே இறங்கவில்லை. கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. போல்ட்டை முறுக்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றேன் நான். உதவிக்கு வந்திருந்த மேரியின் தம்பி டேவிட் என் கையைப் பிடித்துத் தடுத்தான். அப்படி இழுத்தால் உள்ளே இருக்கும் பம்ப் உடைந்துபோகுமாம். திரும்ப இறக்கி, உருண்டையைச் சுழற்றிச் சுழற்றி உட்கார வைத்தோம். நான் பார்த்த வீடியோவில் இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது என்று முணுமுணுத்தேன்.

“வீடியோக்காரன் திங்கக்கிழமை தோல் ஏத்தப் போறதில்ல மாமா. நீங்க போவணும்.”

ஞாயிற்றுக்கிழமைச் சாதனை

கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டை மூடும்போது பார்த்தால், எண்ணெய் கசியாமல் நடுவே வைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. கடைகள் மூடியிருந்தன. ஆம்பூர்க்காரன் இதற்கெல்லாம் அசருவானா? வீட்டிலிருந்த, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத்தோலை எடுத்து, தட்டின் அளவுக்கு அச்சாக வெட்டி, ஓட்டை போட்டு மாட்டினேன். தெருவைச் சுற்றி ஓட்டினேன், சொட்டுக்கூட ஒழுகவில்லை. டேவிட்டே பாராட்டினான்.

திங்கட்கிழமை, தோல் பாரத்துடன் வண்டி மேம்பாலத்தில் பறந்தது. பாதி வழியில் கியர் பாக்ஸ் சூடேறியது. யூனிட் கேட்டுக்குள் நேரத்துக்கு நுழைந்தேன். அங்கேயே வண்டி நின்றது. பின்னால் ரோடு நெடுக எண்ணெய்க் கோடு. லோடு தப்பியது. தட்டைக் கழற்றினால், என் கேஸ்கெட் அப்பளம் போலச் சுருண்டிருந்தது.

டேனரியில் தோல் தேறியதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவோம், சுருங்கினால் தேறவில்லை. அங்கே நாள்தோறும் நான் செய்த வேலையே அதுதான். காதர் பாய் அந்தச் சுருளை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“லோடு உனக்குத்தான், பயப்படாத. ஆனா ஊர்த் தோலையெல்லாம் கொதிக்க வெச்சுப் பாத்தியே, இத ஒரு தடவ கொதிக்க வெச்சுப் பாத்தியா?”

ஆக, தெரியாத கியர் பாக்ஸையெல்லாம் சரியாக மாட்டிவிட்டு, தெரிந்த ஒரே பொருளான தோலில் கோட்டை விட்டவன் நான்.