டாஸ் யார் பொறுப்பு?

கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர் என்பவர், கம்பெனிக்கு விழ வேண்டிய திட்டை வாசல் தேடிப் போய் வாங்கி வருகிற ஆள். இந்த வேலையில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எண்பதுகளின் கடைசியில், டெல்லி நேரு பிளேஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மெஷினை ஓட வைக்கும் டாஸ் என்ற சாஃப்ட்வேரைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புவோம். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் டப்பா.

இன்ஜினியர் எங்கே?

முதல் வாரமே ஓர் அரசு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். செக்‌ஷன் ஆபீசர் எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "இன்ஜினியர் சாப் எப்போ வருவார்?" என்று இந்தியில் கேட்டார். "நான்தான்" என்றேன். நல்ல ஜோக் என்று சிரித்தார்.

டீயைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினேன். டிஸ்க்குக்குப் போகிற ஒயர் நழுவியிருந்தது. அழுத்திச் செருகி ஆன் செய்ததும் திரை உயிர் பெற்றது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"அச்சா, மெஷின் ஓடுது. அப்போ இன்ஜினியர் வந்தா திருப்பி அனுப்பிடட்டுமா?"

அழித்த கதை

லோதி ரோடு ஆபீஸ் ஒன்றில் சங்கரலிங்கம் என்ற சூப்பரின்டென்டென்ட். திருநெல்வேலிக்காரர். மேஜையில் ஒரு குண்டூசி இடம் மாறிக் கிடந்தாலும் பொறுக்க மாட்டார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சும்மா, நான் ஒண்ணும் தொடல" என்றார். பார்த்தால், டாஸின் முக்கியமான ஃபைலையே காணோம். மெல்ல விசாரித்ததில், டிஸ்க்கில் இடம் அடைக்கிறதென்று அவரே அழித்திருந்தார். "நான் வைக்காத ஃபைல் என் மெஷின்ல எதுக்குக் கெடக்கணும்?" என்பது அவர் வாதம்.

ஃப்ளாப்பியிலிருந்து அதை மறுபடி ஏற்றினேன். அது கம்பெனி வைத்த ஃபைல், அது இல்லாமல் மெஷின் எழுந்திருக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அதுக்கு ‘தொடாதே’ன்னுல்லா பேரு வச்சிருக்கணும்?"

வரவேற்பறையில் வகுப்பு

விசாலாட்சி அக்கா மயூர் விஹாரில் டைப்பிங் பள்ளி நடத்தினார். கணவர் இறந்த பிறகு அந்தப் பள்ளிதான் குடும்பத்துக்குச் சோறு. துணிந்து எங்கள் மெஷின் ஒன்றை வாங்கினார். கம்ப்யூட்டர் கற்றுத் தருகிறார் என்று பெண்கள் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் டிஸ்க் போய்விட்டது. வாரண்டியில் நானே புது டிஸ்க் மாட்டினேன். ஆனால் அது டாஸ் ஏறாத காலி டிஸ்க்.

"டிஸ்க்தான் நம்ம பொறுப்பு. டாஸ் டீலர் பொறுப்பு" என்றார் என் மேனேஜர் சோப்ரா. மெஷினை விற்ற டீலரோ, "தொழிற்சாலையில் ஏற்றியது, எனக்கென்ன தெரியும்?" என்றார். சோப்ராவிடம் மூன்று தடவை வாதாடினேன். "அவங்க காசு கொடுத்து வாங்கினதில் டாஸும் சேர்த்திதானே சார்?" என்று கேட்டேன். லோதி ரோட்டில் செய்தது போல உத்தரவில்லாமல் இனி ஏற்றினால் வேலை போகும் என்றார். அங்கே பெண்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள்.

அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "எங்க ரிசப்ஷன்ல டெமோ மெஷின் ஒண்ணு இருக்கு. அதை யார் வேணும்னாலும் தொட்டுப் பார்க்கலாம்னு போர்டும் இருக்கு" என்றும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா மீதமிருந்த மாணவிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். டெமோ மெஷினைச் சுற்றி அவர்களை நிற்க வைத்துப் பாடம் ஆரம்பித்தார். மெஷின் வாங்க வந்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். பெண்கள் ஒளிவில்லாமல் சொன்னார்கள். சோப்ரா என்னை முறைத்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. மத்தியானத்துக்குள் உத்தரவு கையெழுத்தாகி வந்தது. சாயங்காலம் மயூர் விஹார் மெஷினில் டாஸ் ஏறியது.

திருப்திதானா என்று கேட்க சோப்ராவே அக்காவுக்குப் போன் செய்தார். அக்காவின் இந்தி கரடுமுரடுதான், ஆனால் சோப்ராவுக்கு நன்றாகவே புரிந்தது.

"ரொம்பத் திருப்தி, சோப்ரா சாப். இனிமே மெஷின் நின்னா போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டேன், நேரா கிளாஸோடயே வந்துடறேன்."

அந்த உத்தியோகத்தில் இருந்தவரை டாஸ் ஏறாத மெஷின்கள் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை, இறங்கி வராத மேனேஜர்களுக்குத்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவில்லை.