தொலைபேசியில் நான் வெள்ளைக்காரியாக இருந்த ஐந்து நிமிடம்

ஈரமான குளிர் ஜாக்கெட்டுகளின் மணம்… அதோடு விடியற்காலையிலிருந்து சூட்டிலேயே கிடந்து கசந்துபோன கறுப்புக் கோப்பியின் மணம். என் முதல் வேலையை நினைத்தால் மூக்குக்கு முதலில் வருவது இதுதான்.

கோபன்ஹேகனுக்கு வெளியே ஒரு தொழிற்கல்விப் பள்ளி. அதன் அலுவலகத்தில் இருந்தேன். எலக்ட்ரீஷியன், தச்சு, குழாய் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்பனிகளில் பயிற்சி இடம் தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அந்த இடம் கிடைக்காவிட்டால் படிப்பு இழுபட்டுக்கொண்டே போகும்.

என் மேலதிகாரி கிர்ஸ்டன் நல்ல மனுசி. என் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்து, அதில் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள் குத்திக் கொண்டுவந்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை…

நிலானி பக்கத்து ஊரான இஷொயிலிருந்து வருவாள். எலக்ட்ரீஷியன் வகுப்பில் இருந்த இரண்டே பெண்களில் ஒருத்தி. வகுப்பில் கூடின புள்ளியும் அவளுக்குத்தான். அவள் வயர் இழுத்த பலகையை ஆசிரியர் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்றே கழற்றாமல் வைத்திருந்தார்.

அவளுடைய அம்மா ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மரியா, நீர் அங்க இருக்கிறீர் எண்டதுதான் எங்களுக்கு நிம்மதி. பிள்ளைய ஒருக்காப் பாத்துக்கொள்ளும்."

"ஓம் அன்ரி, நான் பாக்கிறன்" என்றேன்.

மாசி மாதம் ஒரு நாள் ஒரு கம்பனி முதலாளி போன் எடுத்தார். ஒரு எலக்ட்ரீஷியன் பிள்ளை வேண்டுமாம். நிலானியின் விண்ணப்பம் என் மேசையில் மேலேயே கிடந்தது.

நல்ல பகிடிக்காரர். மழையைப் பற்றிப் பேசினார், முதல் நாள் ஹேண்ட்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"மரியா, தப்பாக நினைக்காதே. ஒரு டெனிஷ் பிள்ளையாகப் பார்த்து அனுப்பு. எனக்கு ஒன்றுமில்லை… ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் வயதானவர்கள். வேறு மாதிரி ஆட்கள் வீட்டுக்குள் வந்தால் பயப்படுகிறார்கள். உனக்கு விளங்கும்தானே?"

எனக்கு விளங்கியது. அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். நான் பிறந்தது இங்கே. வேதக்காரப் பெயர், கோபன்ஹேகன் பேச்சு. மனுசன் என்னைத் தன் ஆள் என்றே நினைத்துவிட்டார்.

எழுத வெட்கமாக இருக்கிறது… ஆனால் அந்த ஐந்து நிமிடமும் எனக்குச் சுகமாக இருந்தது. "நீ எந்த நாடு?" என்ற கேள்வி இல்லை. "டெனிஷ் நல்லாய்ப் பேசுகிறாயே" என்ற மெச்சல் இல்லை. ஒன்றையும் நிரூபிக்காமலே உள்ளே நிற்கலாம். கிர்ஸ்டனுக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடிகிறதோ என்று நினைத்தேன். அது அவருக்குத் தெரிந்தே இருக்காது.

"சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கிர்ஸ்டனிடம் போய்ச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "அநியாயம்தான். ஆனால் இவர் வருடா வருடம் பிள்ளைகளை எடுக்கிறவர். பகைத்தால் அந்த இடமெல்லாம் போய்விடும். யொனாஸை அனுப்பு. நிலானிக்கு வேறு இடம் பார்ப்போம்."

அப்போது எனக்குத் தற்காலிக வேலை. கோடைக்கு முதல் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நிலானியின் வகுப்பிலேயே படித்த டெனிஷ் பையன் யொனாஸின் பேப்பரை அனுப்பினேன். அவனும் நல்ல பிள்ளைதான். திங்கட்கிழமைகளில் மட்டும் பிந்தி வருவான்.

அடுத்த கிழமை நிலானி வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் கொம்பனிக்கு என்ர பேப்பர் அனுப்பினீங்களா?"

"ஓம், அனுப்பினனான். அவை வேற ஆளை எடுத்திட்டினம்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவாயில்ல அக்கா. அடுத்த முறை பாப்பம்."

அடுத்த முறையும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒரு கம்பனி 'எங்களிடம் பெண்களுக்கு உடுப்பு மாற்ற அறை இல்லை' என்றது. இன்னொன்று பதிலே போடவில்லை. ஒருவரும் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை… கோடை விடுமுறைக்குப் பிறகு அவள் படிக்க வரவில்லை.

என் வேலை நிரந்தரமானது.

பல வருடம் கழித்து, போன இலையுதிர் காலம். அப்பாவுக்கு நடக்க ஏலாமல் போய், கொமூன் என்கிற நகரசபையிலிருந்து வீட்டுக்கு உதவிக்கு ஆள் அனுப்பினார்கள். புரொண்பியில் அப்பாவின் வீட்டுக் கதவைத் திறந்தால்… கொமூன் ஜாக்கெட்டோடு நிலானி.

"அக்கா! நீங்களா?" என்று சிரித்தாள். அப்பாவை எழுப்பி இருத்தினாள். சூடு பார்த்துப் பார்த்துக் கால் கழுவிவிட்டாள். அப்பா அவளோடு மன்னார்க் கதை கதைத்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமை என்னால் வாய் திறக்க முடியவில்லை. நாலாவது கிழமை குசினிக்குள் வைத்துச் சொன்னேன்.

"நிலானி, அண்டைக்கு நான் உம்மட பேப்பரை அனுப்பேல்ல."

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியும் அக்கா. யொனாஸ் சொன்னவன். டெனிஷ் பிள்ளைதான் வேணுமெண்டு உங்களிட்டக் கேட்டு எடுத்ததை அந்த முதலாளி அவனுக்கே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவராம். அவனுக்கு ஒரு மாதிரியாப் போச்சு."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்ல?"

"நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு கொஞ்சக் காலம் பாத்துக்கொண்டிருந்தனான்." தண்ணீர்க் குழாயை மூடினாள். "பிறகு விட்டிட்டன்."

அப்பாவின் குளிசைகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அப்படி வெளிப்படையாக ஒருவரும் கேட்பதில்லை. 'எங்களோடு ஒத்துப்போகிற ஆள்' என்கிறார்கள். கிர்ஸ்டன் பென்ஷனில் போய்விட்டார்; அவருடைய கதிரையில் நான் இருக்கிறேன். அப்படிக் கேட்கிற கம்பனிக்கு நான் பிள்ளைகளை அனுப்புவதில்லை. கூட்டங்களில் எழும்பி இதைப் பற்றிப் பேசுகிறேன். கை தட்டுகிறார்கள்.

இன்று பேசுவதற்கு எனக்குத் தைரியம் தேவைப்படுவதே இல்லை. தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் என்னிடம் அது இருக்கவில்லை… அதற்காக நான் ஒன்றையும் இழக்கவில்லை. நிலானிதான் இழந்தாள்.