தொலைந்த பொருள் கவுண்டரின் ஞானக்கண்

"குடைதானே? மூணாவது தட்டுல பாருங்க" என்கிறார் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் இருப்பவர், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே. வந்தவர் இன்னும் வாயே திறக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்.

பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் இவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ஞானக்கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

"ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மழை விட்டதும் மூச்சிரைக்க ஓடி வர்றவன் வேற எதைத் தேடுவான்? சாப்பாட்டு டப்பாவை விட்டவன் பசிச்சாத்தான் வருவான்" என்று அலுத்துக்கொள்வார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இவர் மறுக்க மறுக்க, ஜனங்களுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. இப்போதெல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூடக் கவுண்டரில் நீட்டுகிறார்கள். வீட்டில் மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் ஞானக்கண். நான் மூணு நாளா காய்ச்சல்ல கெடக்கறது கண்ணுல படல" என்கிறாள்.

திங்கட்கிழமை தவறாமல் ஒரு தையற்காரப் பெண் வருவாள். நான்கு மாதத்துக்கு முன் அவள் தம்பி பஸ் ஏறினான். பை மட்டும் இந்தக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தது. போலீசும் கையை விரித்துவிட்டது. பையிலிருந்த அவன் சட்டையைத் துவைத்து, அறுந்த பித்தானைத் தைத்து எடுத்து வருவாள். "ஒரு தடவை தொட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணே, உயிரோட இருக்கானா?"

"எனக்குத் தெரியாதும்மா." வாராவாரம் இதே பதில்தான். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவருக்குப் பிடிக்காது.

இந்தத் திங்கள் அவள் சட்டையை நீட்டவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புரிஞ்சிடுச்சுண்ணே. குடைக்கும் டப்பாவுக்கும் சொல்றவருக்கு இது மட்டும் தெரியாதா? அவன் இல்லைன்னு சொல்ல மனசு வராமத்தானே தெரியாதுங்கறீங்க? வீட்டுல சொல்லிட்டேன். அம்மா ரெண்டு நாளா சாப்பிடல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, அப்படி இல்லம்மா, நிஜமாவே எனக்குத்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இத்தனை வாரமாகச் சொன்ன அந்தத் 'தெரியாது'தான் அந்த வீட்டில் ஒருவனைச் சாகடித்திருக்கிறது. அவருக்கு எங்காவது போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சட்டையை வாங்கினார். நோட்டை ஒதுக்கிவிட்டு அதை மேசைமேல் விரித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து, கண்களை மூடிக்கொண்டார்.