பன்னிரண்டு தலையும் ஒரு கோட்டை வாசலும்

ஒருவனுக்குக் கோயில் காட்டுவது சுலபம். பன்னிரண்டு பேருக்குக் காட்டுவதுதான் வில்லங்கம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போய், ஒருவரைத் தேநீர்க் கடையிலும் இன்னொருவரை வளையல் கடையிலும் தேடி அலைந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

சண்டைக் காலம் அது. சித்திரையில் யப்பான்காரனின் குண்டு விழுந்த பிறகு திருகோணமலையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் மூடிவிட்டது. இங்கிலீசு தெரிந்த வாத்தியார் ஒருவன் சும்மா இருக்கிறான் என்று யாரோ சொல்லி, வெள்ளைக்கார மாலுமிகளின் நலன் பார்க்கிற கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் லீவில் கரைக்கு வரும் பன்னிரண்டு பேரை லொறியில் ஏற்றவேண்டும். கோணேசர் மலை, அம்மன் கோயில், கன்னியா, தளபதி பங்களாத் தோட்டம் எல்லாம் காட்டி, ஐந்து மணிக்குள் துறைமுக ஜெற்றியில் இறக்கவேண்டும். லொறி ஓட்டியவர் குறிஞ்சாக்கேணிக் காசீம் நானா.

இதில் என் வீட்டு வில்லங்கம் வேறு. குண்டு விழுந்த அன்று என் மனைவி பூமணி ஆறு மாத வயிற்றோடு சாம்பல்தீவுக்கு ஓடினாள். ஓடும்போதே நேர்ந்துகொண்டாள். பிள்ளை நல்லபடி பிறந்தால், அதற்கு ஒரு வயது முடியுமுன் கையில் ஏந்திக்கொண்டு கோணேசர் மலையில் வந்து நிற்பேன், பூத்தட்டைக் கடலில் போட வைப்பேன் என்று. பிள்ளை நல்லபடி பிறந்தது. ஆனால் மலை கோட்டைக்குள், கோட்டைக்குள் பட்டாளம். ஊர்ச்சனம் போக முடியாது. வெள்ளிப் பூசைக்குக் குருக்களுக்கு ஒரு பாஸ், மாலுமிகளோடு போக எனக்கு ஒரு பாஸ். ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து சாம்பல்தீவுக்குப் போய்ச் சால்வையை உதறுமுன் பூமணி கேட்பாள்: "இண்டைக்கும் நீங்கள் மட்டும்தானே போனனீங்கள்?"

சப்பாத்து

முதல் வெள்ளி. கோட்டை வாசலில் கோப்ரல் ஒருவர் தலையை எண்ணி, தாளில் புள்ளடி போட்டு உள்ளே விட்டார். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இது புனிதமான இடம், சப்பாத்தைக் கழற்றுங்கள் என்றேன். கப்பற்காரனின் சப்பாத்தைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. நாடா முழங்கால் அளவுக்கு இருக்கும். பன்னிரண்டு பேரும் பாறையில் குந்தியிருந்து கழற்ற அரை மணித்தியாலம் போனது. வெயிலில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஏறினார்கள்.

உச்சியில் பாறை இருக்கிறது, காற்று இருக்கிறது, கீழே கடல் இருக்கிறது. கோயில் இல்லை. போர்த்துக்கீசப் பறங்கியர் இடித்துக் கடலில் தள்ளி முந்நூறு வருடம் ஆகிறது, பூசை மட்டும் பாறை நுனியில் நடக்கிறது என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். செம்பட்டைத் தலைக்காரன் ஒருவன் மட்டும் கொப்புளித்த உள்ளங்காலைப் பார்த்தபடி கேட்டான்: "இடித்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டா வந்தார்கள்?"

விண்ணப்பம்

பூமணியின் நச்சரிப்புத் தாங்காமல் கந்தோர் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினேன். என் மனைவியையும் கைக்குழந்தையையும் ஒரே ஒரு முறை, அரை மணித்தியாலம், மலைக்குக் கூட்டிப்போக அனுமதி தரவேண்டும் என்று மூன்று பக்கம். வாத்தியார் கைக்கு மூன்று பக்கம் பெரிய காரியம் இல்லை. இலக்கணப் பிழை ஒன்றும் இராது என்று சத்தியம் செய்வேன்.

மனிதர் நல்லவர். கதிரை தந்து உட்கார வைத்தார். விண்ணப்பத்தை முழுக்க வாசித்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். மாலுமிகள் சுற்றுலா முடிந்து எழுதிக் கொடுக்கும் அபிப்பிராயங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார்: "அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மனைவி குழந்தையோடு ஏன் வீணாக அலையவேண்டும்?"

அடிமரம்

தளபதி பங்களாத் தோட்டத்தில் ஒரு ஆலமரம். ஒரு கப்பல் ஆட்கள் முழுப்பேரும் அதன் நிழலில் படுக்கலாம். வருகிற ஒவ்வொருவனும் கேட்பது ஒரே கேள்வி: எது அடிமரம்? எனக்கென்ன தெரியும்? நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன். ஆனால் தெரியாது என்று சொல்லும் வழிகாட்டியை யார் மதிப்பார்கள்? நல்ல பருமனான ஒன்றைப் பார்த்து, இதுதான் அடிமரம், பறங்கித் தளபதி இதில் சாய்ந்துதான் சுருட்டுப் பிடித்தான் என்று முதல் வாரம் சொல்லிவைத்தேன். வாரா வாரம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. மாலுமிகளும் அதில் சாய்ந்து நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ஒருநாள் தோட்டக்காரர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சின்னக் குரலில், மற்றவர்களுக்கு முன் என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, தமிழில் சொன்னார்: "மாஸ்டர், அது நான் இஞ்ச வேலைக்கு வந்த புதிசில மூங்கில் குழாய்க்குள்ளால இறக்கி விட்ட விழுது."

கன்னியாவில் ஒரு உறவினர்

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஏழிலும் முறையாக அள்ளி வார்க்கவேண்டும். எங்கள் சனம் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வதும் அங்கேதான். மாலுமிகளுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. வெந்நீர் என்ற சொல் ஒன்றே போதும். துவாயும் சவர்க்காரமுமாகப் பாய்ந்துவிட்டார்கள். சவர்க்காரத்தைப் பறிப்பதற்கு நான் ஏழு கிணற்றையும் சுற்றி ஓடினேன்.

ஓடிக் களைத்து வந்து தலையை எண்ணினால் பதினொன்று. ஒரு மாலுமி தொலைந்தால் வேலையும் போகும், மலைக்கான பாஸும் போகும், பூமணியின் நேர்த்தியும் போகும். தேடினால், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் வரிசையாகக் குந்தியிருந்து அந்தியேட்டி செய்துகொண்டிருக்கிறது. வரிசையின் கடைசியில், இடுப்பில் துவாயோடு, விரலில் தருப்பைப் பவித்திரத்தோடு நம்முடைய ஆள். குளிப்பதற்கான வரிசை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டானாம். அவசரத்தில் இருந்த ஐயர் நிமிர்ந்து பாராமல் அவன் விரலிலும் மாட்டியிருக்கிறார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். செத்தவரின் மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லை மாஸ்டர். அப்பு கனகாலம் துறைமுகத்தில வேலை செய்தவர். கூட வேலை செய்தவையில ஆரோ ஒருத்தர் எண்டு நினைச்சு விட்டிட்டம்."

குதிரையின் காது

ஒரு சித்திரக்கார மாலுமி வந்தான். அம்மன் கோயில் வாகனசாலையில் இருந்த மரக்குதிரையைக் கண்டதும் அங்கேயே சப்பாணி கட்டி உட்கார்ந்து கீறத் தொடங்கிவிட்டான். மற்றப் பதினொரு பேரும் வெயிலில் லொறிக்குள் வெந்தார்கள். காசீம் நானா ஹோர்ன் அடித்தபடி இருந்தார். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு எழுந்தான். குதிரை அச்சாகக் குதிரைதான். உடைந்த இடது காது உட்பட அப்படியே இருந்தது.

கோயில் தர்மகர்த்தா படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. பிறகு என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "தம்பி, அவரைக் காதையும் கீறச் சொல்லுங்கோ. திருவிழாவுக்கு முந்தி நாங்கள் ஆசாரியைக் கொண்டு வைப்பிச்சுப் போடுவம்."

பதினொன்று

ஆடி வந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு வயதாக இன்னும் மூன்று நாள். அந்த வெள்ளி காலை கோட்டை வாசலுக்கு மாலுமிகளோடு வந்தால், வாசலுக்கு வெளியே பூமணி நிற்கிறாள். கையில் பிள்ளை, பிள்ளைக்குப் பட்டுச் சட்டை. சாம்பல்தீவிலிருந்து விடியற்காலை மாட்டுவண்டியில் வந்திருக்கிறாள். "நான் உங்களைக் கரைச்சல் படுத்த வரேல்லை. பூத்தட்டைக் குருக்களிட்டக் குடுத்திட்டன். இதிலயே நிண்டு கும்பிட்டிட்டுப் போறன்" என்றாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தணிந்த குரல்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குள் கோப்ரல் கூப்பிட்டார். தாளில் பன்னிரண்டு, ஆள் பதினொன்று. ஒருவன் காய்ச்சலில் கப்பலிலேயே நின்றுவிட்டானாம், எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கை பிசகினால் உள்ளே விட முடியாது, திரும்பிப் போய் வேறு தாள் கொண்டுவா என்றார். நான் தலையில் கைவைத்தேன். காசீம் நானா லொறியை விட்டு இறங்கி வந்து காதுக்குள் சொன்னார்: "தாளில பன்னிரண்டு. ஆள் பதினொண்டு. அங்கால உங்கட மனுசி நிக்கிறா. இதுக்கு மேலயும் நான் என்னத்தச் சொல்ல, மாஸ்டர்?"

விசரா உமக்கு என்று நான் அவர்மீது பாய்ந்தேன். வேலை போகும், கம்பி எண்ண மறியலுக்கும் போகவேண்டிவரும். நான் பயந்தவன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் பூமணியின் பக்கம் காட்டிய காசீம் நானாவின் கைச்சாடையே மாலுமிகளுக்குப் போதுமாக இருந்தது. ஒரு நெட்டையன் பூமணியிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையால் வழிகாட்டினான். மற்றவர்கள் விலகி நடுவில் இடம் விட்டார்கள். பூமணி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்குமுன் அவள் போய் நின்றுவிட்டாள்.

கோப்ரல் முதலில் இருந்து மறுபடி எண்ணினார். சேலையின் முன் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு பன்னிரண்டு என்று எழுதினார். பிள்ளை அவருடைய தொப்பியைப் பார்த்துக் கையை நீட்டியது. கோப்ரல் என் பக்கம் திரும்பி, உத்தரவு வாசிக்கிற குரலில் சொன்னார்: "கைக்குழந்தைக்குத் தாளில் கட்டம் இல்லை. ஆகையால் நான் பார்க்கவில்லை."

பாறை நுனியில் குருக்கள் மணியடித்தார். பூத்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கடலில் விட்டார். பூமணி பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி நின்று அழுதாள். மாலுமிகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். திரும்பும் வழியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் என்னத்தை நினைச்சுக் கும்பிட்டனீங்கள்?" என்றாள்.

நான் கும்பிடவில்லை. தட்டு விழுகிற நேரம் ஒருவன் விளிம்பில் எட்டிப் பார்த்தான், நான் ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். பூமணி நின்றுவிட்டாள். "ஒரு வருசமாய் இந்த இடத்தில ஒருக்கால் வந்து நிக்கக் கிடைக்காதோ எண்டு நான் அழுதன். நீங்கள் கிழமைக்குக் கிழமை இஞ்ச வந்து ஆள்தானே எண்ணினனீங்கள்?"

மறுப்பதற்கில்லை, ஆனால் குண்டு விழுகிற காலத்தில் கோணேசரிடம் வேறு என்னத்தைக் கேட்பது, உள்ளே கூட்டிவந்த தலை அத்தனையும் உயிரோடு வெளியே போகவேண்டும் என்பதைத் தவிர?