காய்ச்சி வடித்த நீர் என்று எழுதினேன்

அரியலூர் சாலையில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை நிலைக்காது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அறிவுப்பசி, ஆராய்ச்சி ஆர்வம் என்று இப்போது கதை விட மாட்டேன். எனக்கு அது சோற்றுப் பிரச்சினை.

ஆராய்ச்சி முந்திரி ஓட்டில். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடங்களில் ஓடு குவிந்து கிடக்கும். அதைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் கறுப்பாக ஓர் எண்ணெய் இறங்கும். அந்த எண்ணெயின் ஆவியை ஜியோலைட் என்ற வெள்ளைப் பொடி வழியாகச் செலுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அந்தப் பொடி, பெரிய மூலக்கூறுகளை உடைத்து எத்திலீன், புரொப்பிலீன் என்னும் சின்ன வாயுக்களாக மாற்றும். பிளாஸ்டிக் செய்யப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறார்களே, அதே வாயுக்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு நடந்தது வேறு. வாயு கொஞ்சம் வரும், பொடிமேல் கரி அப்பிக்கொள்ளும், அதோடு பொடி செத்துவிடும். இரண்டு வருடம் கரியைச் சுரண்டினேன்.

அடுத்த கோடையில் ஒரு பொடி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. புரொப்பிலீன் எகிறியது, கரி குறைந்தது. என் வழிகாட்டியாக இருந்த துறைத்தலைவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நீ பொழச்சுக்கிட்டம்மா. இன்னொரு தடவ செஞ்சு காட்டு, தீசிஸ் எழுத ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

செய்தேன். வரவில்லை. அந்தக் கோடைப் பொடி தீர்ந்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தயாரித்துச் செய்தேன், அப்போதும் வரவில்லை. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒருநாள் அவர் மற்றவர்கள் முன்னாலேயே, "நெசமாவே வந்துச்சா, இல்ல நீயா போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

விடையைச் சொன்னது ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்கா. கண்ணாடிக் குவளைகளைத் தேய்த்துக்கொண்டே, "கோடையில கொழாத் தண்ணியில கழுவுனதுங்க மேடம், இந்த வெள்ளக் கற போவவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடையில் காய்ச்சி வடிக்கும் கருவியின் கம்பிச்சுருள் சுண்ணாம்பு படிந்து எரிந்துபோயிருந்தது. புதுச்சுருள் வரும்வரை பொடி தயாரிக்கும்போது அதைக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசினேன். எங்களுடையது சுண்ணாம்புக்கல் பூமி. வெந்நீர்ப் பானையிலும் குளியல் வாளியிலும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது தண்ணீராகத்தான் தெரியும், கால்சியமாகத் தெரியாது. வெளியூர்க்காரியாக இருந்தால் முதல் நாளே முகம் சுளித்திருப்பாள். அந்தக் கால்சியம் பொடிக்குள் புகுந்து அதன் அமில வீரியத்தைத் தணித்திருக்கிறது. கரி குறைந்ததும் வாயு கூடியதும் அதனால்தான்.

ஆனால் என் ஆய்வுக் குறிப்பேட்டில் 'காய்ச்சி வடித்த நீரில் அலசப்பட்டது' என்றுதான் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் வேறு மாதிரி எழுதியதில்லை. கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்னால் படித்தவர்களின் நோட்டைப் பார்த்து அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவோம். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் இறக்கினேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிப்போய்த் துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன ஒரு முட்டாள்தனம்! கேட்டு முடித்ததும் அவர், "யார்ட்டயும் சொல்லாத, நோட்ட வச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் பார்த்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. கால்சியம் ஏற்றிய ஜியோலைட், முந்திரி ஓட்டு எண்ணெய், புரொப்பிலீன். அவர் பெயரும், புதிதாகச் சேர்ந்திருந்த முழுநேர மாணவர் பெயரும் இருந்தன. என் பெயரை நன்றி சொல்லும் இடத்தில்கூடத் தேடினேன். அங்கேயும் இல்லை.

இதழை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "இது நான் கண்டுபிடிச்சது சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்து, அந்தக் கோடையின் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல கால்சியம்னு எங்க இருக்கு? கொழாத் தண்ணின்னாவது இருக்கா?"

"இல்ல சார்."

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

நோட்டை மூடி என்னிடமே நீட்டினார். அத்தனை வருடமும் என்னைத் தன் மகளைப் போல வா, போ என்று கூப்பிட்டவர், "சரிங்க மேடம், போயிட்டு வாங்க" என்றார்.